கேட்காத கேள்விக்கு ஒரு பதில்

ஒரு கடையை மூடலாம், பள்ளிக்கூடத்தை மூடக் கூடாது என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் விளக்கு எரிகிறது. இரண்டுக்கும் ஆள் வர வேண்டும். வராவிட்டால் செலவு மட்டும்தான் மிஞ்சும். அந்த வருடம் யாராவது சின்னப் பிள்ளையான என்னை நிறுத்தி இதைக் கேட்டிருந்தால், எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் மாகாணத்தின் ஆளுநருக்கே அன்று தெரியவில்லை. தெரியாமலே, யாரும் கேட்காமலே, அவர் அதற்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டார். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஆனாலும் கதையை அவரிடமிருந்து தொடங்கப் போவதில்லை. அவருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்த குரலிடமிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் குரல் சுதோ கினுயோவுடையது. உகுரா தீவில் பிறந்தவர். இருபது வயதில் படகேறி நகரத்துக்கு வந்து, தொகாஷி சூப்பர் மார்க்கெட்டின் மீன் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். கணவாயைச் சுத்தம் செய்வதில் அவரைவிட வேகமானவர்கள் அந்தக் கடையில் இருந்தார்கள். ஆனால் மாலையில் மிச்ச மீனுக்கு விலை குறைக்கும் நேரத்தில் கினுயோ வாயைத் திறந்தால், காய்கறிப் பக்கம் நின்றவர்கள்கூடக் கூடையோடு திரும்பி வருவார்கள். "அம்மாமாரே, காலைல கடல்ல இருந்தது, இப்போ பாதி விலைல இருக்கு! நாளைக்கு வந்தீங்கன்னா பூனைதான் சாப்பிட்டிருக்கும்!" என்பார்.

கடையின் முதலாளி தொகாஷி ரியோஹெய். அப்பா விட்டுச்சென்ற ஒரே ஒரு மளிகைக் கடையை மாகாணம் முழுக்கப் பரவிய கடைகளாக்கியவர். குள்ளமான மனிதர், சத்தமாகப் பேசத் தெரியாது. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாரம் ஒரு கடைக்குப் போவார். மூடும் நேரத்தில் வாசலில் நின்று, வெளியே போகும் ஒவ்வொருவருக்கும் தலைகுனிந்து வணங்கி ஒரே கேள்வியைக் கேட்பார்: "தேடி வந்தது கிடைச்சுதா?" பெரும்பாலும் "கிடைச்சுது, கிடைச்சுது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாராவது "இல்ல, அந்த முள்ளங்கி ஊறுகாய் இல்ல" என்று சொன்னால், மறுவாரம் அந்த ஊறுகாய் அலமாரியில் இருக்கும். கினுயோ அவரிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்ததற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால், இந்தக் கேள்வி இன்னொரு காரணம்.

தொகாஷி ஆளுநர் தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்றதும் கடை ஊழியர்கள் கொஞ்சம் சிரித்தார்கள். வியாபாரிகள் சங்கம்தான் அவரைப் பிடித்துத் தள்ளியது. மாகாணத்தின் கணக்கு ஓட்டைப் பானையாக இருக்கிறது, கடை நடத்தத் தெரிந்தவர்தான் அடைக்க வேண்டும் என்றது. பிரசார வண்டியில் உட்கார்ந்து வேட்பாளர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஊர் சுற்ற ஒரு பெண் குரல் வேண்டும். அதற்கென்று பழகிய பெண்களை நகரத்திலிருந்து கூப்பிடலாம் என்றார்கள். தொகாஷி, "நம்ம மீன் பகுதி சுதோ-சான் இருக்காங்களே" என்று மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே சொல்லிவிட்டார்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை அசைத்துக்கொண்டு, கினுயோ முதல் நாள் ஒலிபெருக்கியில் பேசினார். எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "தொகாஷி, தொகாஷி ரியோஹெய். உங்கள் ஆதரவைப் பணிவோடு வேண்டுகிறோம்." முதல் தெருவில் அப்படியே சொன்னார். இரண்டாம் தெருவில் மார்க்கெட் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் பழக்கதோஷம் வந்துவிட்டது.

"தொகாஷி, தொகாஷி ரியோஹெய்! இன்னைக்குக் காலைல வந்தது, புத்தம் புதுசு!"

வண்டிக்குள் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். தெருவோ விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒருவர், "விலை என்னம்மா?" என்று கத்தினார். "ஒரே ஒரு ஓட்டுதான் ஐயா, பேரம் கிடையாது!" என்றார் கினுயோ. அடுத்த நாள் செய்தித்தாளில் அது வந்தது. தொகாஷி ஜெயித்தார். வேண்டிக்கொள்ளும்போது ஒரு கண்ணும் நிறைவேறினால் மறு கண்ணும் வரையும் தருமா பொம்மைக்கு, ஜெயித்த அன்று அவர் வரைந்த இரண்டாவது கண் கொஞ்சம் கோணலாகிவிட்டது. கினுயோவைத் தன் சொந்தச் செயலாளராக அழைத்துக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே கினுயோவுக்கு முதலில் புரியாமல் போனது சட்டமன்றம்தான். உறுப்பினர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதிகாரிகள் அதற்குப் பதில் எழுதுகிறார்கள். அன்று உறுப்பினர் தன் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிப்பார். பிறகு ஆளுநர் எழுந்து பதில்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிப்பார்.

"இது நாடகம் மாதிரில்ல இருக்கு?" என்று துறைத் தலைவர் நகுமோவைக் கேட்டார் கினுயோ.

நகுமோ மெலிந்த மனிதர். எப்போதும் பற்களுக்கு இடையில் காற்றை இழுத்துவிட்டுத்தான் பேசுவார். "நாடகத்துல நடிகருங்க வசனத்த மறந்துடுவாங்க, சுதோ-சான். இங்க அந்த ஆபத்து இல்ல" என்றார்.

முதல் கூட்டத்தொடரில் தொகாஷி காகிதத்தை மூடி வைத்துவிட்டுத் தன் மனதில் இருந்ததைப் பேசினார். ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது வேறொரு பாலத்தின் செலவைச் சொல்லிவிட்டார். அதைச் சரிசெய்ய இளம் அதிகாரிகள் பலர் வீட்டுக்கே போகாமல் உழைத்தார்கள். அவர்கள் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததை மறுநாள் பார்த்த தொகாஷி, "இனிமே எழுதிக் குடுத்ததையே படிக்கறேன்" என்றார். இரக்கத்தால் எடுத்த முடிவுதான் அது. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் படிப்பவருக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. மூன்றாவது வருடத்தில், உறுப்பினர்கள் படிக்கும்போது அவர் அடுத்த கூட்டத்தின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைகளின் வாசலில் நிற்பதும் நின்றுபோயிருந்தது. ஆளுநருக்கு எங்கே நேரம்?

அந்த வருடக் கோடையில்தான் உகுரா தீவின் பெயர் அலுவலகத்தில் அடிபட்டது. மாகாண உயர்நிலைப் பள்ளிக்கு அந்தத் தீவில் ஒரு கிளை இருந்தது. ஒவ்வொரு வருடமும் சேரும் பிள்ளைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அடுத்த வசந்தத்திலிருந்து புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை, இருப்பவர்கள் படித்து முடித்ததும் மூடிவிடுவது என்று குறிப்பு தயாரானது. தொகாஷி அதைப் பார்த்தார். "நஷ்டத்துல ஓடற கிளைய மூடறது குத்தம் இல்ல" என்று சொல்லி, முத்திரையை வைத்தார். கினுயோ பக்கத்தில்தான் நின்றார். தேநீர்க் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தீவில் அவருடைய தங்கை மிசாவோ இருந்தாள். கணவனுக்குக் கணவாய்ப் படகு. ஒரே மகள் சிசுருவுக்குப் பதினைந்து வயது. வருகிற வசந்தத்தில் அவள் சேர வேண்டியது அந்தக் கிளைப் பள்ளியில்தான். மூடப்போகும் பேச்சு தீவை எட்டியதும் தொலைபேசியில் கூப்பிட்ட மிசாவோ சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, பள்ளிக்கூடம் இல்லன்னா அவள நகரத்துல தனியா விட முடியாது. நானும் போவேன். நான் போனா இவரும் படக வித்துட்டு வருவாரு. பள்ளிக்கூடம் போயிடும்னு பயந்து பக்கத்து வீட்டுல அப்படித்தான் போனாங்க, எதிர் வீட்டுலயும் அப்படித்தான் போனாங்க. நம்ம வீட்டுக் கதவுல பலகை அடிக்கறத நீ வந்து பாக்கறியா?"

"நான் என்னடி பண்ண முடியும்?"

"ஒரு வார்த்த சொல்லு. நெதம் அவருக்கு டீ குடுக்கறவ நீதானே?"

"டீ குடுக்கறவ டீதான் குடுக்கணும். சொந்த ஊர் விஷயத்த ஆபீசுக்குள்ள கொண்டுபோறது அசிங்கம். இன்னைக்கு நான் ஆரம்பிச்சா, நாளைக்கு எல்லாரும் தங்கச்சி பேரச் சொல்லிக்கிட்டு வரிசைல நிப்பாங்க."

மிசாவோ, "ஊரே திரும்பிப் பாக்கற வாயி உனக்கு. அது மீன் விக்கவும் அவருக்கு ஓட்டு வாங்கவும் மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மறுநாள் கினுயோ அந்தக் கேள்வியோடுதான் முதலாளிக்குத் தேநீர் கொண்டுபோனார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பொதுக் காரியத்தையும் சொந்தக் காரியத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை அவர் யாரும் சொல்லிக் கொடுத்துக் கற்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது தாய்ப்பாலோடு வருவது. அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஹொன்மா தொகுசோ.

ஹொன்மா எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர். தீவும் அவர் தொகுதியில்தான் வருகிறது. உப்பின உடம்பு, உரத்த தொண்டை. இலையுதிர்காலக் கூட்டத்தில் உகுரா பள்ளியைப் பற்றி அவர் கேள்வி கேட்கப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தார். பதில் என்ன என்பது கினுயோவுக்குத் தெரியும். இருந்தாலும் ஹொன்மா கொஞ்சம் கர்ஜித்தால் முதலாளியின் மனது அசையாதா என்று ஒரு நப்பாசை.

அன்று மதிய இடைவேளையில் ஹொன்மா வழக்கம்போல மன்றத்துக்கு எதிரே இருக்கும் கடையில், சோயாவும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றிய அரிசி உருண்டைகளைச் சாப்பிட்டுவிட்டு வந்தார். விரல்களைத் துடைத்தாரா, நக்கினாரா என்று யாருக்கும் தெரியாது. மணி அடித்ததும் மேடையேறி எட்டுக் கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தார்.

செயலாளர்கள் உட்காரும் ஓரத்தில் கினுயோ இருந்தார். அவர் காத்திருந்தது ஏழாவது கேள்விக்காக. ஆறாவது, மலைப் பகுதியின் மருத்துவமனை. ஹொன்மா பக்கத்தைப் புரட்டினார். "அடுத்து, துறைமுகத்தில் மணல் சேர்வதைப் பற்றி..." என்றார். அது எட்டாவது.

கினுயோ நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஹொன்மா கவனிக்கவில்லை. மணலைப் பற்றிக் கர்ஜித்துவிட்டு இறங்கிவிட்டார். கினுயோவின் மார்புக்குள் ஏதோ ஒன்று இலேசானது. கேள்வி வரவில்லை என்றால் பதிலும் வராது. பதில் வராவிட்டால் முடிவு அறிவிக்கப்படாது. அடுத்த கூட்டத்துக்குள் எதுவும் நடக்கலாம்.

தொகாஷி எழுந்து படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குரல் சீராக ஓடியது. ஆறாவதை முடித்தார். பக்கத்தைப் புரட்டினார்.

"உகுரா தீவின் கிளைப் பள்ளியைப் பற்றி மதிப்பிற்குரிய உறுப்பினர் மிகுந்த அக்கறையோடு கேட்டதற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அவருடைய கவலையை நான் கவனமாகக் கேட்டேன். இருப்பினும், வருகிற வசந்தம் முதல் புதிய சேர்க்கையை..."

ஹொன்மா தன் காகிதங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னார்:

"நான் அதக் கேக்கவே இல்லையே!"

அப்போது எழுந்த சிரிப்பு அந்தக் கட்டடத்தில் அதுவரை கேட்டிருக்காத சிரிப்பு. மன்றத் தலைவர் சுத்தியால் தட்டித் தட்டி ஓய்ந்துபோய், கொஞ்ச நேரம் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

ஆளுநரின் ஓய்வறையில் தொகாஷி காது மடல் வரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். நகுமோ பற்களுக்கு இடையில் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயா, எல்லாம் பேசி முடிச்சாச்சு. ஹொன்மா ஐயாகிட்ட பக்கம் ஒட்டிக்கிச்சாம். திரும்பக் கூடினதும் அவர் விட்டுப்போன கேள்விய மட்டும் படிப்பாரு. நீங்க அதே பதில இன்னொரு தடவ படிச்சிட்டீங்கன்னா போதும். குறிப்புல எல்லாம் வரிசையா இருந்த மாதிரி வந்துடும். யாருக்கும் அவமானம் இல்ல."

அவர் போனதும் கினுயோ தேநீர் கொண்டுவந்து வைத்தார். தொகாஷி கோப்பையைத் தொடவில்லை.

"'கவனமாகக் கேட்டேன்'னு படிச்சேன், சுதோ-சான். கேக்காத ஆளு, கேக்கப்படாத கேள்விய, கவனமா கேட்டேன்னு சொல்லியிருக்கேன்."

கினுயோ கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உகுரா... நீங்க அந்தத் தீவுதானே?"

"ஆமா, முதலாளி." அவர் ஆளுநராகி இவ்வளவு நாளாகியும் கினுயோவின் வாயில் அவர் முதலாளிதான்.

"உங்க ஆளுங்க இருக்காங்களா அங்க?"

"தங்கச்சி இருக்கா. அவ பொண்ணு வர வசந்தத்துல அந்தப் பள்ளிக்கூடத்துல சேரணும்."

தொகாஷி தலையைத் தூக்கினார். "இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற வழக்கம் உங்களுக்குத்தான் உண்டு. எனக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது கினுயோவின் காதிலேயே விழுந்தது. மீன் பகுதியின் நாக்கு இவ்வளவு வருடம் கழித்தும் அடங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுத் தரையைப் பார்த்துக் குனிந்தார். மேலே பார்த்தபோது தொகாஷி சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"இப்போ கேக்கறேன். சொல்லுங்க."

கினுயோ தங்கையைப் பற்றிப் பேசவில்லை. தன் வீட்டுக் கதவைப் பற்றியும் பேசவில்லை. "யுனோசாவா கடைய மூடினீங்களே, ஞாபகம் இருக்கா? மலை மேல இருந்த சின்னக் கடை" என்றார்.

"ஞாபகம் இருக்கு."

"மூடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பூரா அந்த வாசல்ல நின்னீங்க. பனி கொட்டிச்சு, உங்க காது பழுத்த மிளகா மாதிரி ஆயிடுச்சு. கடைசில கடைய மூடத்தான் மூடினீங்க. ஆனா நடமாடும் கடைன்னு ஒரு லாரிய அந்த ஊருக்கு அனுப்பினீங்க. நின்னதாலதான் அது தோணிச்சு. உகுரா வாசல்ல நீங்க நிக்கவே இல்லையே, முதலாளி. அவ்வளவுதான் சொல்லணும்னு இருந்தேன். மூடினா மூடுங்க. நின்னு பாத்துட்டு மூடுங்க."

மணி அடித்தது. தேநீர் ஆறிப் போயிருந்தது. தொகாஷி அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

கூட்டம் மீண்டும் தொடங்கியது. ஹொன்மா, காகிதத்தைப் பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி ஒருமுறை பிரித்துக் காட்டிவிட்டு, ஏழாவது கேள்வியைப் படித்தார். இந்த முறை தொகாஷி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எழுந்தார். அவர் கையில் காகிதம் இல்லை. நகுமோவின் பற்களுக்கு இடையில் காற்று போகும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

"இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை" என்றார் ஆளுநர். "கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு பதிலைப் படித்தேன். கேட்காமலே படித்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் அந்தத் தீவுக்குப் போனதில்லை. போய்விட்டு வந்து, குளிர்காலக் கூட்டத்தில் பதில் சொல்கிறேன்."

அந்த மன்றத்தில் ஒரு ஆளுநர் "பதில் இல்லை" என்று சொன்னது அதுவே முதல் முறை. அவரைக் கொண்டுவந்த வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கைதட்டியது ஒரே ஒருவர்தான். அது ஹொன்மா. தட்டிய கைகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதாகக் கேலி பேசியவர்களும் உண்டு.

தீவுக்குப் போன நாளில் கடல் நல்ல மனநிலையில் இல்லை. ஆளுநர் வழி முழுவதும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார். கினுயோ பக்கத்தில் உட்கார்ந்து மாண்டரின் ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டார்.

"அந்த வாசனைய அந்தப் பக்கம் கொண்டுபோங்களேன்" என்று முனகினார் தொகாஷி.

"ஓட்டு கேட்டு வந்திருந்தீங்கன்னா அன்னைக்கே பழகியிருக்கும்" என்றார் கினுயோ.

படித்துறையில் மிசாவோ கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளிறிய முகத்தோடு இறங்கிய மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானா அது, கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னவரு?" என்றாள். தீவு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. பிறகு அவர் நிலைமையைப் பார்த்து மனமிரங்கி, சூடான மிசோ சூப்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

பள்ளியில் அவர் எல்லாவற்றையும் பார்த்தார். உள்ளே போட்டுக்கொள்ளக் கொடுத்த விருந்தினர் செருப்பு, குள்ளமான அவருக்கே சின்னதாக இருந்தது. ஆசிரியர்கள் அறிக்கை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். நன்றி சொல்லி வாங்கி, படிக்காமல் பையில் வைத்தார். மாலைப் படகு கிளம்பும் நேரம் வந்தபோது படித்துறைக்குப் போய், ஏறுபவர்கள் வரும் வழியில் நின்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது கினுயோவுக்கு மட்டும் தெரிந்தது. கினுயோவின் கண்கள் கலங்கின. காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

முதலில் வந்தவர் தீவில் இயந்திரம் பழுது பார்க்க வந்த ஆள். தொகாஷி தலைகுனிந்தார்.

"தேடி வந்தது கிடைச்சுதா?"

"கிடைச்சுது, ஒரு போல்ட்டுதான் உடைஞ்சிருந்துச்சு. டிக்கெட் உங்ககிட்ட காட்டணுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

அடுத்து மீன் வியாபாரி ஒருவர். கிடைத்தது, ஆனால் விலை அநியாயம் என்றார். மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள், முதுகில் ஒரு மூட்டை, இரண்டு கைகளிலும் மடித்துக் கட்டிய படுக்கை.

"தேடி வந்தது..." என்று ஆரம்பித்தார் தொகாஷி.

"தேடி வரல ஐயா. விட்டுட்டுப் போறேன்" என்றாள் அவள். நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் தனியாக இருக்க முடியாமல் காய்ச்சலில் விழுந்துவிட்டானாம். பிள்ளைகள் குறைவதால் பள்ளிக்கூடத்தை எப்படியும் மூடிவிடுவார்கள் என்று தீவில் பேச்சு வந்ததும் முந்தின வருடமே அவனை அனுப்பிவைத்திருந்தாளாம். இப்போது அவளும் போகிறாள். பின்னாலேயே மாமியாரும் வருவாராம். படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டாள்.

தொகாஷி படுக்கையின் ஒரு முனையைப் பிடித்தார். இருவருமாகப் படகின் பலகையில் ஏறினார்கள். திரும்பி வந்தவர் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கினுயோவிடம் சொன்னார்:

"யுனோசாவாவுல கடை போனதும் லாரி அனுப்பினேன். ஆளு அங்கயே இருந்தாங்க, அதனால அனுப்ப முடிஞ்சுது. இங்க பள்ளிக்கூடம் போனா ஆளே போயிடறாங்க. லாரிய யாருக்கு அனுப்பறது?"

குளிர்காலக் கூட்டத்தில் அவர் சொன்ன பதிலை எங்கள் தீவில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். கிளைப் பள்ளி மூடப்படாது. பிள்ளைகளைச் சேர்த்துக் காட்ட மூன்று வருட அவகாசம். மாகாணத்தின் எந்த ஊர்ப் பிள்ளையும் அங்கே வந்து சேரலாம். மீனவர் சங்கத்தின் காலிக் கட்டடம் விடுதியாகும். "இதில் லாபம் வராது" என்றும் சொன்னார். "நடத்தினால் எவ்வளவு நஷ்டம் என்று எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூடினால் எவ்வளவு நஷ்டம் என்று யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கடை வைத்திருந்தவனுக்கு இது அழகல்ல."

எல்லாம் உடனே பூத்துக் காய்த்துவிடவில்லை. முதல் வருடம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் கடல் காற்றின் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று கோடைக்கு முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டான். வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் அதை வைத்துத் தொகாஷியைக் கிண்டலடித்தார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் வேறொருவரை நிறுத்தினார்கள். கினுயோ மறுபடி வெள்ளைக் கையுறை மாட்டினார். "தொகாஷி, தொகாஷி ரியோஹெய்! புதுசு இல்லீங்க, ஆனா கெட்டுப்போகல!" என்று கத்தினார். தொகாஷி மயிரிழையில் ஜெயித்தார். மூன்றாவது முறை அவர் நிற்கவில்லை. ஆனால் அதற்குள் விடுதியில் இடம் போதாமல், பக்கத்து வீட்டையும் எடுக்க வேண்டியிருந்தது.

சிசுரு அந்தப் பள்ளியில் சேர்ந்தாள், முடித்தாள். மிசாவோவின் கணவன் இன்னும் கணவாய் பிடிக்கிறார். பலகை அடிக்கப்படாத அந்தக் கதவின் கீழ்ப் பக்கம் உப்புக் காற்றில் அரித்துப்போய், தினமும் திறக்கும்போது முனகுகிறது. மாற்ற வேண்டும் என்று மிசாவோ வருடாவருடம் சொல்கிறாள்.

ஹொன்மாவுக்கு ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தீவிலிருந்து ஒரு கட்டுக் காய்ந்த கணவாய் போகிறது. எதிர்க்கட்சிக்காரரான தான் ஆளுநரிடமிருந்து வாங்கிய, தன் வாழ்நாளிலேயே பெரிய வெற்றி கிடைத்தது அரிசி உருண்டைப் பாகின் தயவால் என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் கணவாயைத் திருப்பி அனுப்பியதில்லை.

கினுயோ ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பும் நாளில் நகரத்தின் தொகாஷி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். தங்கைக்கு ஊறுகாய் வாங்க வேண்டும் என்பது சாக்கு. மூடும் நேரம். வாசலில், வெளுத்த தலையோடு, அதே குள்ளமான மனிதர் நின்றிருந்தார். இப்போது கடையைப் பார்ப்பது அவர் மகள். வாசலை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

கினுயோவைக் கண்டதும் அவருக்கும் மற்றவர்களுக்குச் செய்வது போலவே தலைகுனிந்தார்.

"தேடி வந்தது கிடைச்சுதா?"

கினுயோ ஊறுகாய்ப் பையைக் கீழே வைத்தார். இவ்வளவு வருடத்தில் அவர் இவரிடம் சரியாக ஒரு நன்றி சொன்னதில்லை. சொல்ல நினைத்தது நீளமாக இருந்தது. வாய் திறந்தபோது வந்தது இதுதான்:

"கிடைச்சுது, முதலாளி. எங்க ஊர் இருந்த எடத்துலயே கிடைச்சுது."

இருவரும் ஒருவரையொருவர் வணங்கினார்கள். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் இரண்டு மூன்று முறை வணங்கினார்கள். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "அப்புறம் வணங்குங்களேன், என் ஐஸ்கிரீம் உருகுது" என்றாராம்.

நான் அந்தக் கிளைப் பள்ளியில் படித்து முடித்து இந்த வசந்தத்தில்தான் வெளியே வந்தேன். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யாராவது கேட்டால், தொகாஷி படித்துறையில் கேட்டதையே திருப்பிக் கேட்பேன்: லாரியை யாருக்கு அனுப்புவது? இதைப் படித்த நீங்கள், உங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தை, எந்த மருத்துவமனையை மூடலாம் என்று பேச்சு வந்தாலும், பேசுகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் அடுத்தவரிடம் சொல்லட்டும். சொல்லும்போது விரல்களை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமும் விட்டுப்போகக் கூடாது.